தேனிலவுத் தீவில் வாடகை ஸ்கூட்டர் எடுக்கும் முன்

போன செவ்வாய்க்கிழமை சாயந்திரம், ஓ.பி. முடிகிற நேரத்தில் ஒரு பெண்ணைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தை மாதக் கல்யாணம். தாலிக்கயிற்றின் மஞ்சள்கூட இன்னும் மங்கவில்லை. வலது முழங்கால் வீங்கிப் பளபளவென்று இருந்தது. எக்ஸ்ரேயில் முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் மேல்தளம், அதாவது முழங்கால் மூட்டு வந்து உட்காரும் இடம், பிளந்து அமுங்கியிருந்தது. பாலியை ஒட்டிய நுசா பெனிடா தீவில் வாடகை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாள். ஓட்டிய கணவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும். அந்தத் தம்பி தரையைப் பார்த்தபடியே சொன்னான்: "ஒரு நாளைக்கு 450 ரூபாய்தான் டாக்டர். கார்னா ரொம்பக் கேட்டாங்க, அதான் வண்டி எடுத்தோம்."

இந்த வருடத்தில் எனக்கு இது நான்காவது கேஸ். நான் இருப்பது கும்பகோணத்தில், பெரிய மருத்துவமனையில்கூட இல்லை. திருச்சியில் ஏறினால் கோலாலம்பூர், அங்கிருந்து பாலி, ஃபூகெட், லங்காவி என்று இப்போது நம் பிள்ளைகள் சுலபமாகப் போய்விடுகிறார்கள். போகட்டும், சந்தோஷம்தான். ஆனால் விமானம், ஹோட்டல் எல்லாவற்றையும் ஆறு மாதம் முன்பே பார்த்துப் பார்த்துப் பதிவு செய்கிறவர்கள், அங்கே இறங்கியபின் எதில் ஏறிப் போவது என்பதை மட்டும் ஹோட்டல் வாசலில் நின்று முடிவு செய்கிறார்கள்.

அந்த நான்கு வண்டிகளையும் ஓட்டியவர்கள் என்னிடம் சொன்ன வசனம் ஒன்றுதான்: "பத்தாவது படிக்கிறப்பவே வண்டி ஓட்ட ஆரம்பிச்சேன் டாக்டர்."

சரி, எங்கே ஓட்டினீர்கள்? கல்லணையிலிருந்து கடல் வரைக்கும் நம் நிலம் பாய் விரித்த மாதிரி கிடக்கிறது. நமக்குத் தெரிந்த மேடு என்றால் ஆற்றுப் பாலத்தின் ஏற்றம், ரயில்வே மேம்பாலம், கொள்ளிடக் கரை. அரை நிமிடத்தில் ஏறி அரை நிமிடத்தில் இறங்கிவிடுவோம். ஃபூகெட்டில் கத்து என்ற பகுதியிலிருந்து படோங் கடற்கரைக்குப் போக ஒரு மலையைத் தாண்ட வேண்டும். நுசா பெனிடாவில் சாலை குறுகல், செங்குத்து, பல இடங்களில் ஓரம் பெயர்ந்து ஜல்லி கிடக்கும். அதில் கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பேர், முதுகில் ஒரு பை. இறக்கத்தில் இழுத்துப் பிடிக்கக் கியர் கிடையாது. பயத்தில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வருகிறார்கள். பிரேக் சூடாகிப் பிடிமானம் குறைகிறது. அந்த நேரம் பார்த்து வளைவில் ஜல்லி, உடனே முன் பிரேக்கைப் பலமாகப் பிடிக்கிறார்கள். ஏற்றத்தில் வேறு கதை: பாதி வளைவில் வண்டி திணறி நின்று பின்னால் உருளும், பின்னால் இருப்பவர் காலை ஊன்றுவார். அதன் பிறகு நடப்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அங்கே வாடகைக்குக் கிடைப்பதும் பல நேரம் 150 சிசிக்கு மேற்பட்ட பெரிய ஸ்கூட்டர். நம் வீட்டு ஸ்கூட்டரைவிட இருபது கிலோவாவது கூடுதல். அதைச் சாயாமல் தாங்கிப் பிடிக்கவே தனிப் பழக்கம் வேண்டும். உங்கள் திறமையை நான் குறை சொல்லவில்லை. சமவெளியில் கற்ற திறமை அது, மலையில் அதற்கு வேலை இல்லை.

இனி என்னை உண்மையிலேயே ஆத்திரப்பட வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். "கடைக்காரர் லைசென்ஸே கேட்கலையே டாக்டர், அப்ப அந்த ஊர்ல தேவையில்லைன்னுதானே அர்த்தம்?"

இல்லை. இல்லவே இல்லை. அவர் வாடகை விடுகிறவர். வண்டி திரும்பி வந்தால் பணம், உடைந்து வந்தால் அதற்கும் உங்களிடமே பணம். உங்கள் லைசென்ஸைச் சரிபார்ப்பது அவர் வேலை இல்லை. சரிபார்ப்பவர்கள் இரண்டு பேர்: வழியில் நிற்கும் போலீஸ், விழுந்த பிறகு காப்பீட்டு நிறுவனம். தாய்லாந்திலும் இந்தோனேசியாவிலும் இருசக்கர வாகனம் ஓட்டுவதற்கு அதற்கான உரிமம் சட்டப்படி வேண்டும். நம் ஊர் லைசென்ஸோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அதை நம் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே தருகிறார்கள். மத்திய அரசின் பரிவாஹன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம், படிவம் 4ஏ, கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். ஆனால் உங்கள் லைசென்ஸில் எந்த வகை வண்டி இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அனுமதி கிடைக்கும். காருக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கிவிட்டு ஆயுள் முழுக்க பைக் ஓட்டுகிறவர்கள் நம் பக்கம் எத்தனை பேர்! இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.

இலங்கையில் அதுவும் போதாது, உள்ளூரில் தனி அனுமதி வாங்க வேண்டும். வியட்நாமில், ஃபூகுவோக் தீவும் சேர்த்து, நம் சர்வதேச அனுமதி செல்லவே செல்லாது. போதாக்குறைக்கு அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும்.

செல்லுபடியாகும் உரிமம் இல்லாமல் ஓட்டி விழுந்தால் பயணக் காப்பீடு பெரும்பாலும் கை விரித்துவிடும். குடித்திருந்தாலும் அப்படியே. அந்தத் தம்பிக்கும் அதுதான் நடந்தது. அங்கே ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அவன் கையிலிருந்து. இங்கே அறுவை சிகிச்சை, எலும்பைச் சேர்க்க உலோகத் தட்டு, திருகு, மூன்று மாதம் காலை ஊன்றாமல் இருப்பது. அந்தப் பெண்ணின் வேலை என்னாகும் என்று அவள் அம்மா என்னிடம் கேட்டார். நான் என்ன பதில் சொல்வது?

450 ரூபாயை எதோடு ஒப்பிட வேண்டும் என்று இப்போது சொல்லுங்கள்.

மலிவாகப் போக வழி இல்லாமல் இல்லை. பாலியில் ஓட்டுநரோடு ஒரு முழுநாளுக்குக் கார் பேசலாம், பெட்ரோல் சேர்த்தே பேசுவார்கள். ஹோட்டலில் சிநேகமான இன்னொரு ஜோடியோடு பங்கு போட்டால் பாரம் பாதி. தூரம் குறைவென்றால் கிராப், கோஜெக் செயலிகளில் கார் கூப்பிடுங்கள், வண்டியில் ஏறும் முன்பே கட்டணம் தெரிந்துவிடும். ஃபூகெட் டவுனிலிருந்து கடற்கரைகளுக்கு நீல நிற சோங்தாவ் வண்டிகள் ஓடுகின்றன. நம் ஷேர் ஆட்டோ மாதிரிதான்; சாயந்திரத்தோடு நின்றுவிடும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இலங்கையில் பேருந்து மலிவு, பெயர்ப்பலகையில் தமிழும் இருக்கும். மாலத்தீவில் உள்ளூர்த் தீவுகளுக்குப் பொதுப் படகு உண்டு, வெள்ளிக்கிழமை பெரும்பாலும் ஓடாது. தங்கும் இடத்தைக் கடற்கரைக்கு நடக்கிற தூரத்தில் பிடித்தாலே பாதிப் பயணம் மிச்சம்.

படகைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பெரும்பாலோர் காஞ்சிபுரம் பக்கத்துக் குடும்பங்கள். அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றியிருந்தார்கள். 2018 ஜூலையில் ஃபூகெட் அருகே புயல் அலையில் ஒரு படகு மூழ்கி 47 பேர் போனார்கள். நம் நாகப்பட்டினத்திலிருந்து 2023 அக்டோபரில் காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்களே, அதையே வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நிறுத்திவைக்கிறார்கள். கடல் சரியில்லை என்று ஒருவர் படகை நிறுத்தினால் சண்டை போடாதீர்கள், முன்பணம் போனால் போகட்டும். உயிர்காப்புச் சட்டை கேட்டு வாங்கி, ஏறியதும் மாட்டுங்கள். படகில் ஆள் நிறைந்து வழிந்தால் இறங்கிவிடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் ஸ்கூட்டர்தான் என்றால்: பகலில் மட்டும், சமதளச் சாலையில் மட்டும். ஹெல்மெட் இரண்டு பேருக்கும், வார் மாட்டி. கடையில் தருவது தலையில் ஆடினால் வேறு கேளுங்கள். செருப்பு வேண்டாம், ஷூ. துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளுங்கள், நம் ஊர் பைக்கில் இருக்கிற சேலை கார்டு அங்கே பெரும்பாலும் இருக்காது. அசல் பாஸ்போர்ட்டை அடகு மாதிரி கடையில் விடாதீர்கள். வண்டியில் ஏற்கெனவே உள்ள கீறல்களை வீடியோ எடுங்கள்.

பின்னால் உட்காரும் பெண்ணே, உன்னிடம் தனியாக ஒன்று. பயமாக இருந்தால் "நிறுத்துங்க, நான் இறங்கி நடந்து வர்றேன்" என்று சொல். புது மாப்பிள்ளை மனம் கோணுமே என்று பார்க்காதே. என்னிடம் வந்த நான்கு பேரில் மூன்று பேர் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள். மூன்று பேருமே, பயமாக இருந்தது, சொல்லத் தயங்கினேன் என்றார்கள்.

விழுந்துவிட்டால்: தாய்லாந்தில் 1669, இலங்கையில் 1990, இரண்டும் ஆம்புலன்ஸ். கை காலை உருவி நீவிவிடாதீர்கள். புது மாவுக்கட்டுப் போட்ட உடனே விமானம் ஏறாதீர்கள், வீக்கம் கூடினால் கட்டு இறுக்கி ரத்த ஓட்டம் தடைப்படும். எத்தனை நாள் கழித்து ஏறலாம், கட்டை வெட்டித் தளர்த்திவிட்டுத்தான் ஏற வேண்டுமா என்று அங்குள்ள மருத்துவரைக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியை ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் சிடியில் கேளுங்கள். ஊர் திரும்பியதும் நாட்டுக் கட்டுக்குப் போய் மூன்று வாரம் கழித்து என்னிடம் வராதீர்கள். இரண்டாவது கேஸ் அப்படித்தான் வந்தார். மணிக்கட்டு கோணலாகவே கூடிவிட்டது, மறுபடி உடைத்துத்தான் நேராக்க வேண்டியிருந்தது.