ஒரு பாட்டில் தண்ணீரை நம்பி இறால் வளர்க்காதீர்கள்

இந்தப் பருவத்திலும் அதே கதை. வேதாரண்யம் பக்கத்துப் பண்ணையாளர் ஒருவர் ரிப்போர்ட்டை நீட்டி, "தண்ணி டெஸ்ட் நெகட்டிவ்தானே சார், அப்புறம் ஏன் இறால் வளரல?" என்று கேட்டார். போய்ப் பார்த்தால், 70 நாள் குட்டையில் பெரிதும் பொடிசுமாகக் கலந்து கிடக்கிறது. தீவனம் தின்கிறதா என்று பார்க்கும் செக்ட்ரே தட்டின் பக்கம் வெள்ளை நூலாகக் கழிவு மிதக்கிறது. இறாலையே எடுத்து பி.சி.ஆர். (கிருமியின் மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) போட்டோம், இறாலின் வளர்ச்சியைக் கெடுக்கும் இ.எச்.பி. என்ற நுண்ணிய ஒட்டுண்ணி இருந்தது.

தண்ணீரில் கலந்திருக்கும் டி.என்.ஏ.வை வடிகட்டி நோய்க்கிருமியைத் தேடும் முறை நல்ல முறைதான். இறாலைக் கொல்ல வேண்டியதில்லை, அறிகுறி தெரியும் முன்பே துப்பு கிடைக்கலாம். என் கோபமெல்லாம் அந்த ஒற்றைப் பாட்டில் மேல்தான். மதகு ஓரமாக, மேல்தண்ணீரில் அரை லிட்டர் மோந்து வந்து, மொத்தக் குட்டைக்கும் நற்சான்று கேட்கிறார்கள். ஒரு ஹெக்டேரில் ஒன்றரை மீட்டர் தண்ணீர் நின்றால் ஒன்றரைக் கோடி லிட்டர்! நெகட்டிவ் என்றால், அந்த அரை லிட்டரில், அந்த நேரத்தில், கருவிக்கு எட்டும் அளவில் கிருமி அகப்படவில்லை. அவ்வளவுதான் பொருள். இ.எச்.பி. வித்துகள் கழிவோடு அடியில் படிபவை, மேலே தேடி என்ன பயன்? பாசி கனத்த தண்ணீரில் பி.சி.ஆர். வினையே தடைபட்டு, இருக்கும் கிருமியையும் இல்லை என்று காட்டும். (வினை தடைபடாமல் நடந்ததா என்று காட்டும் இன்டர்னல் கன்ட்ரோல் சரியாக வந்ததா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். தயங்காமல் கேளுங்கள்.) இறாலைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைப்புள்ளி வைரஸின் நீளம் சுமார் 0.3 மைக்ரான். 0.45 மைக்ரான் வடிதாளில், துகளோடு ஒட்டியது நிற்கும், தனியாக மிதப்பது நழுவிவிடும். தசையை வெளுக்கவைக்கும் ஐ.எம்.என்.வி.யோ ஆர்.என்.ஏ. வைரஸ், டி.என்.ஏ. சோதனையில் அது தெரியவே தெரியாது.

பாசிட்டிவ் வந்தாலும் பதறாதீர்கள். பிளீச்சிங் போட்டதும் எடுத்த தண்ணீரில் செத்த கிருமியின் டி.என்.ஏ. மிச்சம் காட்டலாம். சில நாள் விட்டு மறுபடி பாருங்கள். இறால் விட்ட குட்டை என்றால் இறாலிலும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

சரி, எப்படி எடுப்பது? நான்கு மூலை, நடுப்பகுதி, ஏரேட்டர் சுழற்சியில் கழிவு சேரும் இடம், அங்கே ஒரு கரண்டி அடிச்சேறு. ஒவ்வொன்றுக்கும் புதுப் பாட்டில். தயவுசெய்து மருந்து டப்பாவைக் கழுவிக் கொண்டுவராதீர்கள். ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். வளர்ப்புக் காலத்தில் ஒரே ஒரு டெஸ்ட் போதாது. 10 நாளுக்கு ஒருமுறை எடுத்தால்தான் கிருமி ஏறுகிறதா என்று தெரியும். ஒரு குட்டையில் முக்கியெடுத்த வாளியை அடுத்ததில் முக்காதீர்கள். ஹேச்சரிக் குஞ்சுக்கு பி.சி.ஆர். தனி, தண்ணீர் டெஸ்ட் அதற்கு ஈடாகாது.

ஆன்டிபயாடிக் வாங்கிக் கொட்டாதீர்கள். வைரஸுக்கும் கேட்காது, இ.எச்.பி.க்கும் கேட்காது. இ.எச்.பி. வந்த குட்டையை அறுவடைக்குப் பின் நன்றாகக் காயவிட்டு, ஹெக்டேருக்கு 6 டன் சுட்ட சுண்ணாம்பு போட்டு உழுது, ஈரப்படுத்துங்கள். மண்ணின் பி.எச். 12-ஐத் தொட வேண்டும். செலவுதான், ஆனால் குறுக்குவழி கிடையாது.

வெள்ளைப்புள்ளி உறுதியானால் மதகைத் திறக்கவே திறக்காதீர்கள். 1994-இல் இந்தியாவுக்கு வந்த நோய் இன்னும் போகவில்லை என்றால், இப்படித் திறந்துவிடும் தண்ணீரும் ஒரு காரணம். பிளீச்சிங் போட்டு, நிறுத்திவைத்து, அப்புறம் விடுங்கள். அதே வாய்க்காலில்தான் பக்கத்துக் குட்டைக்காரர் தண்ணீர் ஏற்றுகிறார். அவருக்கு முதலில் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.