தனியார் பாடசாலைகளும் அரச நிதியும்: வன்னிப் பெற்றோருக்கான ஒரு விளக்கம்

வவுனியா, கிளிநொச்சி நகர வீதிகளில் சர்வதேசப் பாடசாலை என்ற பெயர்ப்பலகையை இப்போது காண முடிகிறது. பிள்ளைக்குத் தரம் 1 இல் சேரும் வயது நெருங்கியதும், கிராமத்துப் பாடசாலையா, நகரத்துப் பெரிய பாடசாலையா, கட்டணம் செலுத்திப் படிப்பிக்கும் பாடசாலையா என்ற பேச்சு பல வீடுகளில் எழுகிறது. அப்போது பெற்றோர் பெரும்பாலும் கட்டடத்தையும் ஆங்கிலத்தையும் பரீட்சைப் பெறுபேற்றையும் பார்க்கிறார்களே தவிர, அந்தப் பாடசாலை சட்டத்தின்படி எந்த வகையைச் சேர்ந்தது என்று விசாரிப்பவர்கள் குறைவு. ஆசிரியரின் சம்பளத்தை யார் கொடுக்கிறார்கள், பாடநூல் இலவசமாகக் கிடைக்குமா, பிள்ளை பொதுப் பரீட்சைக்கு எப்படித் தோற்றும் என்பனவெல்லாம் அந்த வகையைப் பொறுத்தவை என்பதால், அதையே முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு பிள்ளை எந்தப் பாடசாலையைத் தெரிவு செய்தாலும் அப்பிள்ளைக்கான அரச பணம் அங்கே போய்ச் சேரும் என்ற ஏற்பாடு இலங்கையில் இல்லை. எந்தத் தனியார் பாடசாலைக்கு அரச உதவி கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பது பெரும்பாலும் 1960, 1961 ஆம் ஆண்டுகளிலேயே முடிவாகிவிட்ட விடயம். அதற்கு முன்னர் கிறிஸ்தவ மிஷன்களும் சைவ, பௌத்த அமைப்புகளும் நடத்திய பாடசாலைகள் அரசிடமிருந்து உதவி நன்கொடை பெற்று இயங்கின. அன்றைய கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்த பின்னரும் அந்த முறை தொடர்ந்தது. 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டமும், அதனைத் தொடர்ந்து வந்த 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெற்ற பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசின் கைக்கு மாற்றின. உயர்தர வகுப்புகள் கொண்ட பெரிய பாடசாலைகள் சிலவற்றுக்கு மட்டும் ஒரு தெரிவு வழங்கப்பட்டது: அரசிடம் சேரலாம், அல்லது அரச உதவியும் இல்லாமல் மாணவரிடம் கட்டணமும் அறவிடாமல் தனியாகவே நிற்கலாம். யாழ்ப்பாணத்தில் புனித பத்திரிசியார் கல்லூரி, புனித யோவான் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர் கல்லூரி, வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி ஆகியன தனியாக நிற்பதென்ற கடினமான முடிவை எடுத்தன. பழைய மாணவர்களின் கொடையிலும் திருச்சபைகளின் உதவியிலும் அவை அந்த ஆண்டுகளைக் கடந்து வந்தன.

பின்வந்த காலத்தில் அரசு தன் நிலைப்பாட்டைத் தளர்த்தி, இத்தகைய பாடசாலைகளில் அங்கீகரிக்கப்பட்ட ஆளணிக்குட்பட்ட, அதாவது அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் அடங்கும், ஆசிரியர்களின் சம்பளத்தைத் தானே ஏற்கத் தொடங்கியது. அதன் விளைவாக இன்று தனியார் பாடசாலைகள் மூன்று வகையாக உள்ளன. அரச உதவி பெற்றுக் கட்டணம் அறவிடாதவை ஒரு வகை. அரச உதவியும் பெற்றுக் கட்டணமும் அறவிடுபவை இன்னொரு வகை. அரச உதவி எதுவும் பெறாமல் முழுக் கட்டணத்தில் இயங்குபவை மூன்றாவது வகை. நாடு முழுவதிலும் இம்மூன்று வகையும் சேர்ந்து ஏறத்தாழ 80 பாடசாலைகளே இருக்கின்றன. அவற்றில் படிப்பவர்கள் ஒன்றேகால் இலட்சத்துக்குச் சற்றுக் கூடுதலானவர்கள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட அரச பாடசாலைகளில் படிப்பவர்களோ ஏறத்தாழ 40 இலட்சம் பேர்.

உதவி பெறும் பாடசாலைக்கு அரசு கொடுப்பதில் பெரிய பங்கு ஆசிரியர் சம்பளம்தான். அதற்கு அடுத்தபடியாக, 1980 இலிருந்து வழங்கப்படும் இலவசப் பாடநூலும், 1993 இலிருந்து வழங்கப்படும் சீருடை உதவியும் இம்மாணவர்களுக்கும் கிடைக்கின்றன. கட்டடம், விடுதி, விளையாட்டு மைதானம் போன்றவற்றின் சுமையைப் பாடசாலையின் முகாமைதான் பெரிதும் சுமக்கிறது. ஆகவே கட்டணம் அறவிடாத பாடசாலை என்று சொல்லப்படுகிற இடத்திலும் விடுதிக் கட்டணமும் அபிவிருத்திக்கான பங்களிப்பும் இருக்கக்கூடும் என்பதை, வன்னியிலிருந்து பிள்ளையை யாழ்ப்பாணத்து விடுதிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர் முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும்.

சர்வதேசப் பாடசாலை இந்த மூன்று வகைகளில் எதிலும் சேராது. 1961 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 25 ஆம் பிரிவு, 5 வயதுக்கும் 14 வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளுக்காகப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடுக்கிறது. அந்தத் தடை இருப்பதனால், பின்னர் தோன்றிய இத்தகைய நிறுவனங்கள் கம்பனிச் சட்டத்தின் கீழ், இப்போதைய நடைமுறைப்படி 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், கம்பனிகளாகப் பதிவு செய்யப்படுகின்றன. கம்பனியாகப் பதியப்பட்டிருப்பதும் கல்வி அமைச்சில் பாடசாலையாகப் பதியப்பட்டிருப்பதும் ஒன்றல்ல. சட்டத்தின் பார்வையில் அது பாடசாலை அல்லாததால் அரசு அங்கே சம்பளம் கொடுப்பதில்லை. இலவசப் பாடநூலும் சீருடையும் போவதில்லை. ஆசிரியரின் தகைமையை அரச பாடசாலையில் போல வலயக் கல்வி அலுவலகம் மேற்பார்வை செய்வதுமில்லை. அங்கே படிக்கும் பிள்ளை க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்ற விரும்பினால் தனியார் பரீட்சார்த்தியாகவே விண்ணப்பிக்க வேண்டும். நல்ல முறையில் நடத்தப்படும் சர்வதேசப் பாடசாலைகள் இருக்கின்றன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் மாதந்தோறும் கட்டணம் செலுத்தும் பெற்றோருக்கு அந்தத் தரத்தை உறுதிப்படுத்தும் அரச பொறிமுறை எதுவும் இல்லாமலிருப்பது பெரிய குறை. அறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அந்தத் தடையை அப்படியே வைத்துக்கொண்டு, அதனைச் சுற்றிச் செல்லும் வழியையும் திறந்து விட்டிருப்பதைவிட, இவற்றையும் பாடசாலைகளாக ஏற்றுக் கட்டுப்படுத்தும் தெளிவான சட்டம் ஒன்றைக் கொண்டு வருவதே பிள்ளைகளுக்குப் பாதுகாப்பானது.

வன்னியின் நான்கு மாவட்டங்களிலும், அதாவது கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகியவற்றில், பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் அரச பாடசாலைகளிலேயே படிக்கிறார்கள். அப்பாடசாலைகளிலும் பெரும்பாலானவை அரசியலமைப்பின் 1987 ஆம் ஆண்டு 13 ஆவது திருத்தத்தின் வழியே மாகாண சபையின் கீழ் வந்த மாகாணப் பாடசாலைகள். எனவே தனியார் பாடசாலைக்கு அரசு என்ன கொடுக்கிறது என்ற கேள்வியைவிட, பிள்ளைகள் வேறிடம் போகும்போது ஊர்ப் பாடசாலை எதை இழக்கிறது என்ற கேள்வியே நமக்கு நெருக்கமானது.

அரச பாடசாலையின் ஆசிரியர் ஆளணி மாணவர் தொகையைக் கொண்டே கணிக்கப்படுகிறது. கற்றல் உபகரணங்கள் வாங்குவதற்கான தர உள்ளீட்டு நிதியும் 2000 ஆம் ஆண்டில் அறிமுகமான அலகுச் செலவு முறையின்படி மாணவர் எண்ணிக்கையை அடிப்படையாக வைத்துப் பகிரப்படுகிறது. சிறிய பாடசாலைக்குத் தலைக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைக்கும்படி அந்தக் கணிப்பில் இடம் விடப்பட்டிருந்தாலும், மொத்தத் தொகை சிறியதாகவே இருக்கும். ஐந்து வகுப்புகள் உள்ள ஆரம்பப் பாடசாலையில் முப்பது பிள்ளைகள்தான் என்றால், ஒரே ஆசிரியர் இரண்டு வகுப்புகளை ஒன்றாக வைத்துப் படிப்பிக்க நேரிடுகிறது. அதைக் காணும் பெற்றோர் மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போகத் தொடங்குகிறார்கள். அடுத்த ஆண்டு தொகைமதிப்பில் எண்ணிக்கை இன்னும் இறங்க, ஆளணியும் அதனோடு இறங்குகிறது. வாகனமும் வருமானமும் உள்ள குடும்பங்களின் பிள்ளைகள் முதலில் போய்விட, கூலி வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளே மிஞ்சுகிறார்கள்; அவர்களுக்குத்தான் நல்ல ஆசிரியர் மிக அவசியமாகத் தேவைப்படுகிறார்.

இந்தச் சரிவுக்குப் பிள்ளைகள் நகரத்துப் பாடசாலைகளுக்கு மாறிப் போவது மட்டும் காரணமல்ல. நாடு முழுவதிலும் பிறப்புக் குறைந்து வருகிறது. 2019 இல் இலங்கையில் ஏறத்தாழ 3 இலட்சத்து 19 ஆயிரம் பிறப்புகள் பதிவாகின. 2023 இல் அது ஏறத்தாழ 2 இலட்சத்து 48 ஆயிரமாக இறங்கியது. ஜனவரி 31 ஆம் திகதி 5 வயது பூர்த்தியான பிள்ளைகளே தரம் 1 இல் சேர்க்கப்படுவதால், 2019 இல் பிறந்தவர்களில் பெரும்பாலோர் 2025 இலும், 2023 இல் பிறந்தவர்களில் பெரும்பாலோர் 2029 இலும் பாடசாலைக்குள் வருகிறார்கள். அதாவது நான்கே ஆண்டுகளில் தரம் 1 இன் வாசலுக்கு வரும் பிள்ளைகளின் தொகை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறையப்போகிறது. 2022 ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் குடும்பங்களாக வெளிநாடு சென்றவர்களையும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வன்னியில் இந்தக் கணக்கை மேல் மாகாணத்தில் பார்ப்பதுபோல் பார்க்கக் கூடாது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பாடசாலைகள் போரினால் முற்றாக இடம்பெயர்ந்தன. பிள்ளைகள் இடம்பெயர்ந்தோருக்கான மெனிக் பாம் முகாமின் கொட்டகைகளில் படித்தார்கள். மீள்குடியேற்றத்தின்போது பல ஊர்களில் மக்கள் திரும்பி வருவதற்கு ஒரு காரணமாக இருந்ததே பாடசாலை மீண்டும் திறந்ததுதான். துணுக்காய், மடு, வவுனியா வடக்கு வலயங்களில் ஒரு பாடசாலைக்கும் அடுத்ததற்கும் இடையில் காடும் வயலும் குளக்கட்டும் கிடக்கின்றன. மாணவருக்கான சிசு சரிய பஸ் எல்லா வீதிகளுக்கும் வருவதில்லை. மாரியில் சில பாதைகள் வெள்ளத்தில் அடைபட்டுவிடும். ஐம்பது பிள்ளைகளுக்குக் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக இங்கே ஒரு பாடசாலையை மூடினால், தரம் 1 பிள்ளை யானை நடமாடும் வழியில் பல கிலோமீற்றர் போக வேண்டிவரும். பாடசாலைகளை இணைப்பது பற்றிய எந்த முடிவிலும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்குக் கொடுக்கும் அதே இடம் தூரத்துக்கும் கொடுக்கப்பட வேண்டும். அதிகஷ்டப் பிரதேசம் என்று வகைப்படுத்தப்பட்ட பாடசாலைகளுக்கு மாணவர் தொகை எவ்வளவாயினும் குறைந்தபட்ச ஆளணி ஒன்று உறுதிப்படுத்தப்பட வேண்டும். தொண்டர் ஆசிரியர்கள் சொற்பப் பணத்துக்கும் சில வேளைகளில் எதுவுமே பெறாமலும் ஆண்டுக்கணக்காக வகுப்புகளைக் காத்த பகுதி இது. அந்த இடைவெளியை மறுபடியும் அவர்களைப் போன்றவர்களின் தியாகத்தால் நிரப்புமாறு விட்டுவிடுவது நீதியாகாது.

மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு தகவல். விசேட கல்விப் பாடசாலைகளில் கணிசமானவை தொண்டு அமைப்புகளாலும் திருச்சபைகளாலும் நடத்தப்பட்டு அரச உதவி பெறுபவை. செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கான கைதடி நவீல்ட் பாடசாலை வடக்கில் இவ்வகையில் நன்கறியப்பட்டது. தூரத்துப் பாடசாலைக்குப் பிள்ளையை அனுப்ப முடிவெடுப்பதற்கு முன், உங்கள் ஊருக்கு அண்மையில் விசேட கல்வி அலகு உள்ள அரச பாடசாலை இருக்கிறதா என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டறியுங்கள்.

பல்கலைக்கழக அனுமதி பற்றியும் சொல்லியாக வேண்டும். அரச பல்கலைக்கழகங்களுக்கான தெரிவு உள்நாட்டு உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியை, அதாவது பாடங்களுக்கிடையில் ஒப்பிடக்கூடியவாறு தரப்படுத்தப்பட்ட புள்ளியை, கொண்டு நடக்கிறது. பெரும்பாலான கற்கைநெறிகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. வன்னியின் நான்கு மாவட்டங்களும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் இருக்கின்றன. ஆனால் மாணவர் எந்த மாவட்டத்தைச் சேர்ந்தவராகக் கொள்ளப்படுவார் என்பதை, உயர்தரத்துக்கு முந்திய ஆண்டுகளில் அவர் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தார் என்பதைக் கொண்டே முக்கியமாகத் தீர்மானிக்கிறார்கள். மாங்குளத்துப் பிள்ளை யாழ்ப்பாணத்துத் தனியார் பாடசாலையில் அந்த ஆண்டுகளைக் கழித்தால் முல்லைத்தீவு மாவட்டத்துக்குரிய வாய்ப்பை இழக்க நேரிடலாம். லண்டன் உயர்தரத்துக்கு மட்டும் தயார்ப்படுத்தும் சர்வதேசப் பாடசாலையில் படித்தாலோ இசட் புள்ளியே கிடைக்காது.

ஆதலால் அனுமதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னர், அந்த நிறுவனம் கல்வி அமைச்சில் பதியப்பட்ட தனியார் பாடசாலையா, கம்பனியாகப் பதியப்பட்டதா, உள்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றுகிறதா, பொதுப் பரீட்சைக்குப் பிள்ளைகளை எந்த முறையில் தோற்றுவிக்கிறது என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். வாய்மொழிப் பதிலோடு திருப்தியடைய வேண்டாம். பதிவு விபரத்தைக் கல்வி அமைச்சிடமோ வலயக் கல்வி அலுவலகத்திடமோ விசாரித்து ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஊர்ப் பாடசாலையில் ஆசிரியர் வெற்றிடம் இருக்கிறது என்பதற்காகப் பிள்ளையை வேறிடம் மாற்ற நினைப்பவர்கள், அதற்கு முன்னர் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக அந்த வெற்றிடத்தைப் பாட வாரியாக எழுதி வலயக் கல்விப் பணிப்பாளரிடம் கையளித்து, கிடைத்ததற்கான ஒப்பத்தையும் திகதியையும் பிரதியில் வாங்கி வைத்திருப்பது நல்லது. வருடாந்த இடமாற்றம் தயாராகும் காலத்துக்கு முன்னரே அந்தக் கடிதம் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.