செவ்வந்தி இலைக்குள் இருக்கும் புழு செத்ததா என்று எப்படி அறிவது?

செவ்வந்தி இலையின் மேல்தோலுக்கும் அடித்தோலுக்கும் நடுவிலுள்ள பச்சைப் பகுதியைத் தின்றுகொண்டே நகரும் இலைத் துளைப்பான் புழு, போன வழியெங்கும் வளைந்து நெளிந்த வெள்ளைக் கோட்டை விட்டுச் செல்கிறது. புழு செத்த பிறகும் அந்தக் கோடு மறைவதில்லை. நிலக்கோட்டைப் பக்கம் செவ்வந்தி பயிரிடும் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, 'பூச்சி மருந்துக்குக் கேட்கவில்லை' என்று மறுபடியும் தெளித்தால் அதில் வியப்பில்லை.

லிரியோமைசா டிரைஃபோலி என்னும் சிற்றீயின் இளம்பருவமே இந்தப் புழு. அந்த ஈ அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. 1970களில் செவ்வந்தித் தண்டுத் துண்டுகளோடு பல நாடுகளுக்குப் பரவி, 1990களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் காணப்பட்டது.

பசுமைக்குடிலில் மருந்தைச் சோதிப்பவர் கோடுகளை எண்ணுவதில்லை. இலையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, கோட்டின் அகன்ற முனையில் மஞ்சளாக அசையும் புழுவையே உருப்பெருக்கிக் கண்ணாடியால் தேடுகிறார். பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் அது செத்த புழு. கோடு வெறுமையாக இருந்தால் புழு ஏற்கெனவே வெளியேறிவிட்டது என்று பொருள். சிக்கல் இங்குதான் இருக்கிறது: வெப்பமான சூழலில் புழு ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் வளர்ந்து, இலையைக் கிழித்துக்கொண்டு மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகிவிடும். மருந்தே தெளிக்காத செடியிலும் எண்ணிக்கை தானாகக் குறையும் என்பதால், தண்ணீர் மட்டும் தெளித்த செடிகள் இல்லாத சோதனையை நான் சோதனையாகவே கொள்ளமாட்டேன். எடுத்துக்காட்டாக, அச்செடிகளில் 50 உயிர்ப்புழுக்களும், தொடக்கத்தில் அதே அளவு தாக்குதல் இருந்து மருந்து தெளித்த செடிகளில் 10 புழுக்களும் எஞ்சினால், மருந்தின் பலன் 80 விழுக்காடு. குடிலின் வாசல் பக்கமும் உள்மூலையும் ஒரே மாதிரி வெப்பமாக இருப்பதில்லை என்பதால், ஒவ்வொரு பகுதியிலும் எல்லா மருந்துகளுக்கும் இடம் கொடுத்து, எந்தப் பாத்திக்கு எது என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வார்கள்.

எண்ணும் நாளும் மருந்தைப் பொறுத்தது. அபாமெக்டின் இலைத்தோலை ஊடுருவி உள்ளே இருக்கும் புழுவைத் தாக்குகிறது. சைரோமசின் அப்படி உடனே கொல்லாமல், தோலுரித்து வளர்வதைக் குலைக்கிறது. மூன்றாம் நாளே எண்ணினால் அது பயனற்றதாகத் தோன்றும். அதற்காகச் செடிக்கடியில் தட்டு வைத்து, விழும் கூட்டுப்புழுக்களைச் சேகரித்து, எத்தனை ஈக்கள் வெளிவருகின்றன என்று பார்க்க வேண்டும்.

பறித்த இலைகளை மூடிய கலத்தில் வைத்தால் சில சமயம் ஈக்குப் பதிலாக, அந்தப் புழுவைத் தின்று வளர்ந்த சிறு ஒட்டுண்ணிக் குளவி வெளிவரும். பைரித்திராய்டு மருந்துகள் இலைக்குள் ஒளிந்திருக்கும் புழுவை விட்டுவிட்டு, வெளியே திரியும் இந்தக் குளவியைக் கொன்றுவிடுவதுண்டு. அத்தகைய குடிலில் அடுத்த தலைமுறை ஈக்கள் முன்னைவிடப் பெருகும்.