பேண்தகைமை: சொல் விளக்கம்

'சஸ்டைனபிலிட்டி' என்பதற்கு நிலைத்தன்மை, நீடித்த தன்மை, வளங்குன்றாமை, பேண்தகைமை எனப் பல சொற்கள் தமிழில் புழங்குகின்றன. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையான அறிவியல் பாடத்துக்குப் பேண்தகைமையே பொருத்தம் என்பது என் உறுதியான கருத்து.

ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீன் 'சஸ்டினேரே'. கீழிருந்து தாங்கிப் பிடித்தல் என்று பொருள். ஆனால் இன்றைய கருத்து காட்டில் பிறந்தது. ஜெர்மனியின் சாக்சனியில் சுரங்கங்களுக்கும் உலைகளுக்கும் வெட்டி வெட்டியே மரம் அருகிப்போனது. சுரங்க நிர்வாகி ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713இல் வெளியிட்ட வனவியல் நூலில், திரும்ப வளரும் அளவுக்குள்தான் வெட்ட வேண்டும் என்று வாதிட்டார். 1987இல் ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணையம், வருங்காலத் தலைமுறையின் தேவைகளுக்குப் பங்கம் வராமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றும் வளர்ச்சி என்று இதை விரித்து வரையறுத்தது.

'நிலையான வளர்ச்சி' அரசு ஆவணங்களில் வேரூன்றிவிட்டது. ஆனால் வகுப்பில் 'நிலையான' என்றால் மாணவர் மனத்தில் வருவது மாறாதது, அசையாதது. கார்லோவிட்ஸின் காடோ ஓயாமல் மாறுவது. மரம் விழும், கன்று எழும். வளங்குன்றாமை விளைவைச் சரியாகச் சொல்கிறது, செய்பவரைச் சொல்வதில்லை. 'பேண்' அதைச் சொல்கிறது. குறளிலேயே 'பேணி' உண்டு; உடல்நலம் பேணுகிறோம், உறவைப் பேணுகிறோம். பேணத் தக்க இயல்பு பேண்தகைமை. இலங்கைத் தமிழில் 'பேண்தகு அபிவிருத்தி' வெகுநாளாக வழக்கில் உள்ளது.

சொல்லை மனப்பாடம் செய்யவைப்பதைவிடக் கையில் கொடுப்பது நல்லது. ஒரு தட்டில் 40 விதைகள். அவைதான் குளத்து மீன்கள். ஒவ்வொரு சுற்றிலும் எடுத்தது போக மிஞ்சும் நான்குக்கு ஒன்று வீதம் புதிதாகச் சேர்க்க வேண்டும். 8 எடுத்தால் 32 மிஞ்சும், 8 சேரும், மறுபடி 40. எத்தனை சுற்று ஆடினாலும் குறையாது. 12 எடுத்துப் பார்க்கட்டும்: 35, 28, 20, 10 என்று இறங்கி, ஐந்தாம் சுற்றில் எடுக்கவே 12 இருக்காது. முதல் சுற்றில் இழப்பு ஐந்துதான் என்பதால் யாரும் பதறுவதில்லை. அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்தி, 'இப்போதே குறைத்துக்கொள்ளலாமா?' என்று கேட்க வேண்டும். உண்மையான பாடம் அந்தக் கேள்வியில் இருக்கிறது.

பருவநிலை மாற்றமும் இதே வரவு செலவுதான், தலைகீழாக. கடலும் தாவரங்களும் மண்ணும் நாம் வெளியேற்றும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ பாதியை ஈர்த்துக்கொள்கின்றன. மிச்சம் வளிமண்டலத்தில் சேர்கிறது. தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 280 பங்காக இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. இந்தப் போக்குக்கு எதிர்ச்சொல்லும் தயாராக இருக்கிறது: பேண்தகாதது. பேண்தகு வேளாண்மை, பேண்தகு மீன்பிடிப்பு, பேண்தகு நீர்ப் பயன்பாடு என்று பாடம்தோறும் ஒரே வேரை நீட்டிக்கொண்டே போகலாம்.