வரிசைப்படுத்தலா, முறைவைப்பா?

“கலப்பு மாதிரித் தொகுப்பு வரிசை வரிசைப்படுத்தல்.” திருத்தித் தரச் சொல்லி வந்த பயிற்சிக் கையேட்டில் இப்படி ஓர் அத்தியாயத் தலைப்பு. இதே தொடரை நான் பார்ப்பது மூன்றாம் தடவை. கலப்பு மாதிரி என்றதும் கலப்படச் சோதனைக்கு எடுத்துப்போகும் மிளகாய்த்தூள்தான் நினைவுக்கு வருகிறது.

சொல்ல வந்தது இவ்வளவுதான்: கார் ஆலையில், வண்டிகள் நகர்ந்தபடியே உருவாகும் ஒரே லைனில் பல ரகக் கார்கள் ஓடும்போது எதன் பின்னால் எதை விடுவது என்று திட்டமிடுவது. லைனில் நிற்பவர்கள் ‘சீக்வென்ஸ்’ என்பார்கள். ‘பின்தொடர்’ என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்த சொல்.

‘வரிசைப்படுத்தல்’ ஏன் ஆகாது? அகர வரிசை, விலை வரிசை, உயர வரிசை எதை எடுத்தாலும் ஒத்தவை பக்கத்தில் பக்கத்தில் வந்து சேரும். இங்கே வேலையே அவற்றைப் பிரித்து விடுவது. கூரையில் கண்ணாடித் திறப்புள்ள காருக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். அப்படி இரண்டு அடுத்தடுத்து வந்தால், முதல் காரை முடிப்பதற்குள் இரண்டாவது கையை விட்டு நகர்ந்துவிடும். ஆகவே, ‘தொடர்ந்து வரும் எந்த மூன்றிலும் ஒன்றுக்கு மேல் கூடாது’ என்பதுபோல விதிகள் உண்டு. 2005-இல் பிரான்ஸின் செயலாய்வு (ஆபரேஷன்ஸ் ரிசர்ச்) கழகம் நடத்திய போட்டிக்குக் கார் நிறுவனமான ரெனோ கொடுத்ததும் இப்படிப்பட்ட கணக்குத்தான். பெயின்ட் அடிக்கும் இடம் மட்டும், ஒரே நிறம் சேர்ந்து வரட்டும் என்று முரண்டு பிடிக்கும். நிறம் மாறும்போதெல்லாம் பெயின்ட் பீய்ச்சும் துப்பாக்கியைக் கழுவ வேண்டுமே!

டொயோட்டாவின் ‘ஹெய்ஜுன்கா’ சமப்படுத்துவதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல். ‘அ’ ரகம் 10, ‘ஆ’ 5, ‘இ’ 5 தேவை என்றால் அ-ஆ-அ-இ என்று ஐந்து சுற்று விடுவார்கள். ‘அ’ பத்தையும் முதலில் தள்ளிவிட்டால், அதன் உதிரிபாகம் தருபவர் காலையில் திணறி, மாலையில் ஈ ஓட்டுவார். இதையா வரிசைப்படுத்தல் என்பது?

‘நிரல்படுத்தல்’ என்றார் ஒரு நண்பர். நிரனிறைப் பொருள்கோள் படித்தவருக்கு இனிக்கும். ஆனால் நிரலை ‘புரோகிராம்’ என்ற பொருளுக்குக் கணினிக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். ‘அட்டவணை’ என்பாரும் உண்டு. அது எந்த நாளில் எத்தனை என்ற கணக்கு, வேறு வேலை.

என் சொல் ‘முறைவைப்பு’. ‘முறை வைத்துத் தண்ணீர் திறப்பு’ என்று செய்தித்தாளில் படிக்கிறோமே, அதே முறை. யாருக்குப் பின் யாருக்கு என்பதும், ஒருவருக்கே பாய்ந்தால் கடைமடை காயும் என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன. ரகம் வேற்றுமொழிச் சொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் முகம் சுளிக்கலாம். நெல் ரகம் என்று சொல்லாத உழவர் யார்? லைனை லைன் என்றே விடலாம்.

‘பல ரக லைனில் முறைவைப்பு’ என்று திருத்தி அனுப்பினேன். அச்சாகி வந்ததில் ஒரு ‘வரிசை’யை மட்டும் எடுத்திருந்தார்கள்.