தங்கத்தில் தொலையும் ஒளி

ஒரு மருந்து தன் இலக்குப் புரதத்தோடு ஒட்டுகிறதா என்று பார்க்கப் பல வழிகள் உண்டு. எவ்வளவு வேகமாக ஒட்டுகிறது, ஒட்டிய பின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை, சாயம் எதையும் சேர்க்காமல், நடக்க நடக்கவே காட்டும் வழிகள் குறைவு. பெங்களூரில் ஓசூர் ரோட்டை ஒட்டிய பயோடெக் கம்பெனிகளில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் 'எஸ்.பி.ஆர். ரன் போட்டிருக்கேன்' என்பது இதைத்தான். முழுப்பெயர் சர்ஃபேஸ் பிளாஸ்மான் ரெசனன்ஸ்.

கருவியின் உயிர், கண்ணாடி மேல் படிந்த தங்கப் படலம். தடிமன் சுமார் 50 நானோமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மில்லிகிராம் தங்கம்தான் வரும். சிக்பேட்டை நகைக்கடைத் தராசு அதைச் சட்டையே செய்யாது. படலத்தின் ஒரு பக்கம் கண்ணாடிப் பட்டகம், மறுபக்கம் ஓடும் திரவம். பட்டகத்துக்குள் போதிய சாய்வில் வரும் ஒளி முழுதும் எதிரொளித்துத் திரும்ப வேண்டும். ஆனால் அதன் மின்புலம் தங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் பரவியிருக்கும். தங்கத்தின் கட்டற்ற எலக்ட்ரான்களோ கூட்டமாக அலைபாயக்கூடியவை. ஒரு கோணத்தில் மட்டும், பரப்பின் போக்கில் ஒளிக்கு உள்ள உந்தமும் எலக்ட்ரான் அலையின் உந்தமும் பொருந்திப்போகும். உடனே ஒளியின் ஆற்றல் எலக்ட்ரான்களுக்குப் போய்விட, திரும்பும் ஒளியில் கரும்பட்டை விழுகிறது. 1968இல் கிரெட்ச்மனும் ரேதரும் விவரித்த அமைப்பு இது. வெள்ளியில் பட்டை இன்னும் கூர்மையாக விழும். ஆனால் வெள்ளி கறுத்துவிடும்.

தங்கத்தை ஒட்டிய சில நூறு நானோமீட்டருக்குள் இருக்கும் பொருளின் ஒளிவிலகல் எண் மாறினால் அந்தக் கோணமும் நகரும். தங்கத்தின் மேல் இலக்குப் புரதத்தைப் பிணைத்து, மருந்தான எதிர்ப்பொருளை (ஆன்டிபாடி) ஓடவிட்டால், அது ஒட்ட ஒட்டக் கோணம் நகர்ந்துகொண்டே போகும். சதுர மில்லிமீட்டருக்கு 1 நானோகிராம் புரதம் சேர்ந்தால் சுமார் 0.1 டிகிரி. பிறகு மருந்து கலக்காத பஃபரை (அமிலத்தன்மை மாறாத கரைசல்) ஓடவிட்டால் ஒட்டியவை கழன்று, கோணத்தைக் காட்டும் கோடு இறங்கும். ஏற்றம், இறக்கம் இரண்டும் சேர்ந்த அந்த வரைபடம்தான் சென்சார்கிராம்.

என் பார்வையில் இந்த இறக்கம்தான் பொன். இரண்டு மருந்துகளுக்கும் பிணைப்பு வலிமை, அதாவது இலக்கில் பாதியை நிரப்பத் தேவையான செறிவு, 10 நானோமோலார் என்றே வைத்துக்கொள்வோம். ஒன்றின் கழலும் வேகம், ஒட்டியிருப்பதில் நொடிக்கு 0.1 பங்கு, ஏழே நொடியில் பாதி கழன்றுவிடும். மற்றதற்கு நொடிக்கு 0.0001, பாதி கழல ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அது மெதுவாக ஒட்டுவதால்தான் கணக்கு சமமாகிறது. கடைசி எண்ணை மட்டும் தரும் சோதனைக்கு இரண்டும் ஒன்றே.

டிராஸ்டுசுமாப் போன்ற புற்றுநோய் எதிர்ப்பொருள்களின் பயோசிமிலர்களை (மூல மருந்தை ஒத்ததாகத் தயாரிக்கும் உயிரியல் மருந்துகளை) மூல மருந்தோடு ஒப்பிடும்போது இந்த வேகங்கள் கேட்கப்படுகின்றன. சின்ன மூலக்கூறுகளில்தான் கருவி தடுமாறும்: எடை குறைவு, சிக்னலும் குறைவு. அவற்றைக் கரைக்கப் பயன்படும் டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானின் அளவு, ஓடும் பஃபருக்கும் மருந்துக் கரைசலுக்கும் இடையே சற்றே வேறுபட்டாலும் எதுவும் ஒட்டாமலே கோடு எகிறும். அதனால் இலக்குப் புரதம் இல்லாத ஒரு சேனலையும் கூடவே ஓட்டி, அதன் அளவைக் கழித்துவிடுவார்கள்.