பச்சோந்திக்குக் கூண்டு அமைத்தல்: மருத்துவரிடம் வருவதற்கு முன் கவனிக்க வேண்டியவை

பகலிலும் கண்களை மூடிக்கொண்டிருக்கிறது, சில நாட்களாக இரை எடுக்கவில்லை என்று சொல்லி ஒருவர் தம் பச்சோந்தியைக் கொண்டுவரும்போது, அதைக் கையில் எடுப்பதற்கு முன்பே நான் கேட்பது அது வசிக்கும் கூண்டின் புகைப்படத்தைத்தான். ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்த்துவரும் அனுபவத்தில், என்னிடம் வந்த பச்சோந்திகளில் பெரும்பாலானவற்றின் நோய் கூண்டிலிருந்தே தொடங்கியிருப்பதைக் கண்டிருக்கிறேன். வளைந்துபோன முன்னங்கால், குழிவிழுந்த கண், முதுகில் தீப்புண், வாயோரத்தில் கோழை, வெளிவராமல் தங்கிவிட்ட முட்டைகள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் கூண்டின் ஏதோ ஒரு மூலையைக் காரணமாகச் சுட்டிக்காட்ட முடிகிறது. மருந்து கொடுத்து அதே கூண்டுக்குத் திருப்பி அனுப்பினால், சில வாரங்களில் அதே நோயுடன் அது திரும்பி வரும்.

நாயும் பூனையும் தம் உடல் வெப்பத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்கின்றன. பச்சோந்தி இடம் மாறித்தான் அதைச் சரிசெய்துகொள்ள முடியும். காலையில் வெளிச்சம் வந்ததும் உயரமான கிளைக்கு ஏறி, உடலைப் பக்கவாட்டில் அகலமாக்கி வெயில் காயும். போதுமான சூடு ஏறியதும் இலைகளுக்குள் இறங்கிவிடும். எனவே கூண்டு முழுவதும் ஒரே வெப்பமும் ஒரே ஈரமும் ஒரே வெளிச்சமும் இருக்குமாறு அமைத்தால், அந்த அளவு எவ்வளவு சரியாக இருந்தாலும் விலங்கு நலிந்துபோகும். மேலே சூடும் கீழே குளிர்ச்சியும், ஒருபுறம் திறந்த வெளிச்சமும் மறுபுறம் அடர்ந்த நிழலும் இருந்து, எங்கே இருப்பது என்பதை அதுவே தேர்ந்துகொள்ளும்படி விட வேண்டும். இனி நான் சொல்லப்போகும் அனைத்துக்கும் அடிப்படை இதுதான்.

எந்த இனம் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வீடுகளில் பரவலாக வளர்க்கப்படுபவை மூன்று. வெய்ல்டு பச்சோந்தியின் தாயகம் ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்குப் பகுதியும் ஆகும். பேந்தர் பச்சோந்தி மடகாஸ்கர் தீவைச் சேர்ந்தது. மூன்று கொம்புகள் கொண்ட ஜாக்சன் பச்சோந்தி கென்யா, தான்சானியா நாடுகளின் குளிர்ந்த மலைப்பகுதிகளில் வாழ்வது. முதல் இரண்டுக்கும் ஏற்ற வெப்பத்தில் மூன்றாவதை வைத்தால் அது தாங்காது. பெரும்பாலான பச்சோந்தி இனங்களின் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலின்கீழ் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. அதற்கு மேலாக நீங்கள் வாழும் நாட்டின் சட்டம் இவ்விலங்கை வளர்க்க அனுமதிக்கிறதா என்பதை அறிந்த பின்னரே கூண்டைப் பற்றி எண்ண வேண்டும். காட்டிலிருந்து பிடிக்கப்பட்ட விலங்கை யார் கொடுத்தாலும் வாங்காதீர்கள். உடல் நீரிழப்புடனும் குடற்புழுக்களுடனும் வந்துசேரும் அவற்றைப் பிழைக்கவைப்பது கடினம் என்பது மட்டுமன்று, அவ்வாறு வாங்குவது அடுத்த விலங்கைப் பிடிக்கச் சொல்வதற்குச் சமம்.

வளர்ந்த வெய்ல்டு அல்லது பேந்தர் பச்சோந்திக்கு 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. ஆழம், 120 செ.மீ. உயரம் என்பதை நான் குறைந்த அளவாகவே சொல்கிறேன். அகலமான தொட்டியைவிட உயரமான கூண்டு இதற்கு ஏற்றது. வலைக்கூண்டா, கண்ணாடிக் கூண்டா என்ற கேள்விக்கு அறையைப் பார்க்காமல் விடை சொல்ல இயலாது. வெதுவெதுப்பும் ஈரப்பதமும் இயல்பாகவே உள்ள அறையில் நான்கு பக்கமும் வலை கொண்ட கூண்டே சிறந்தது. காற்று தேங்காததால் சுவாசத் தொற்று குறைகிறது. குளிர்ந்து வறண்ட அறையில் அதே கூண்டு தெளித்த ஈரத்தையும் விளக்கின் சூட்டையும் நொடியில் இழந்துவிடும். அங்கே மூன்று பக்கங்களைக் கண்ணாடியாலோ பிளாஸ்டிக் தகட்டாலோ அடைத்து, முன்புறத்தின் கீழ்ப்பகுதியில் காற்று நுழைய வழியும், மேலே வலைக் கூரையும் வைக்கலாம். விளக்கின் சூட்டில் மேலெழும் காற்று கூரை வழியாக வெளியேற, புதிய காற்று கீழிருந்து உள்ளே வரும். மீன் வளர்க்கும் தொட்டியைக் கவிழ்த்தோ நிமிர்த்தோ பயன்படுத்துவது மட்டும் கூடவே கூடாது. அதில் காற்று நிற்கிறது. கண்ணாடியில் தெரியும் தன் பிம்பத்தை இன்னொரு பச்சோந்தி என்று எண்ணி விலங்கு நாள்தோறும் அஞ்சிக்கொண்டும் சீறிக்கொண்டும் இருக்கும். வலையைத் தேர்ந்தெடுக்கும்போது நகம் சிக்கிப் பிய்ந்துவிடாதபடி, மேற்பூச்சுள்ள வழவழப்பான வலையைப் பாருங்கள்.

கூண்டைத் தரையில் வைக்காதீர்கள். உயரத்தில் இருப்பதே இதற்குப் பாதுகாப்பு; மேலிருந்து குனிந்து பார்க்கும் எதையும் தன்னைக் கொத்த வரும் பறவையாகவே இது கொள்ளும். மேல்கிளை நம் கண் மட்டத்துக்கு மேலே இருக்கும்படி மேசை மீதோ உறுதியான தாங்கி மீதோ கூண்டை ஏற்றி வையுங்கள். ஆட்கள் ஓயாமல் கடந்துபோகும் வழி, குளிர்சாதனக் காற்று நேராகப் படும் இடம், நாயும் பூனையும் உற்றுப் பார்க்கக்கூடிய மூலை ஆகியவை வேண்டாம். கண்ணாடிக் கூண்டை நேரடி வெயில் விழும் சன்னலருகே வைத்தால் சிறிது நேரத்திலேயே உள்ளே இருப்பது வெந்துவிடும்.

நிறத்தைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பச்சோந்தி என்ற சொல்லையே நாம் ஏமாற்றுக்காரர்களுக்கு வசையாக ஆக்கிவிட்டோம். உண்மையில் நிறமே அதனிடம் நாம் படிக்கக்கூடிய மிக நேர்மையான செய்தி. சுற்றுப்புறத்துக்கு ஏற்ப அது நிறம் மாறுகிறது என்பது தவறான எண்ணம். மனநிலையும் உடல் வெப்பமும்தான் நிறத்தை மாற்றுகின்றன. தோலின் செல்களுக்குள் உள்ள, ஒளியைத் தெறிக்கும் குவானின் என்ற பொருளின் நுண்ணிய படிகங்களுக்கு இடையேயான தூரம் மாறுவதால் இது நிகழ்கிறது என்பதை ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் பேந்தர் பச்சோந்தியிடம் விளக்கிக் காட்டினர். காலையில் கருத்திருப்பது வெயிலை உறிஞ்சுவதற்காக. நடுப்பகலிலும் கருத்து, கிளையின் மறுபுறம் ஒளிந்துகொண்டே இருந்தால், கூண்டில் ஏதோ ஒன்று அதை வருத்துகிறது.

அதன் பாதத்தை ஒருமுறை கூர்ந்து பாருங்கள். ஐந்து விரல்களும் இரண்டு கட்டுகளாக இணைந்து, இடுக்கியைப் போலக் கிளையைப் பற்றுவதற்கென்றே அமைந்திருக்கும். முன்னங்காலில் வெளிப்புறம் இரண்டும் உட்புறம் மூன்றும், பின்னங்காலில் அதற்கு நேர்மாறாகவும் விரல்கள் பிரிந்திருக்கும். இந்தப் பாதத்துக்குச் சமதளம் பொருந்தாது, ஒரே தடிமனுள்ள வழவழப்பான குச்சிகளும் பொருந்தா. நம் விரல் தடிமனிலிருந்து அதன் இரு மடங்கு வரையுள்ள, பட்டை உரியாத இயற்கையான கிளைகளை, படுக்கையாகவும் சாய்வாகவும், வெவ்வேறு உயரங்களில் அசையாதபடி கட்டுங்கள். ஒரு கிளையிலிருந்து மற்றொன்றுக்குத் தரையில் இறங்காமலே போக வழி இருக்க வேண்டும். பலருடைய கூண்டில் ஓரங்களில் செடியும் நடுவில் வெற்றிடமுமாக இருப்பதைக் காண்கிறேன். அதனால்தான் அவர்களுடைய பச்சோந்தி நாள் முழுதும் வலையைப் பற்றி ஏறிக்கொண்டிருக்கிறது, நகமும் போகிறது.

மிகுந்த தீங்கு விளைவது வெளிச்சத்தில் செய்யும் பிழைகளால். ஒருவர் வளர்ப்பில் இருந்த இளம் வெய்ல்டு பச்சோந்தி முன்னங்கால்கள் வில்லாக வளைந்து, தாடை மென்மையாகி, கிளையைப் பற்ற முடியாமல் வந்தது. அவர் அக்கறையில்லாதவர் அல்லர். இரையில் கால்சியம் தூவினார், புற ஊதா விளக்கும் போட்டிருந்தார். படத்தைப் பார்த்தபோது அந்த விளக்கு கண்ணாடிக் கூரையின் மேல் இருந்தது. தோலில் வைட்டமின் டி3 உருவாக உதவும் யூவிபி என்ற வகைப் புற ஊதாக் கதிர்கள் சாதாரணக் கண்ணாடியை ஊடுருவுவதில்லை. கதிர் இல்லாமல் டி3 இல்லை. டி3 இல்லாமல் உண்ட கால்சியம் உடலில் சேர்வதில்லை. உடல் தன் எலும்பையே கரைத்துத் தேவையைச் சரிக்கட்டிக்கொள்கிறது. அந்த வளைவுகளை எந்த மருந்தாலும் முழுமையாக நிமிர்த்த முடியவில்லை. சன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலும் இதே காரணத்தால் பயன்படாது.

டி5 எனப்படும் மெல்லிய நீளக் குழல் வகைப் புற ஊதா விளக்கை வலைக் கூரையின் மேல் வைத்து, வெயில் காயும் கிளையில் அமர்ந்திருக்கும்போது விலங்கின் முதுகுக்கும் விளக்குக்கும் இடையே ஏறத்தாழ 20 செ.மீ. இருக்கும்படி அமையுங்கள். வலையே கதிரின் ஒரு பகுதியைத் தடுத்துவிடும் என்பதால், கருவியைக் கொண்டு அளந்து, முதுகு மட்டத்தில் கதிரின் வலிமையைக் காட்டும் புற ஊதாக் குறியீடு 3 அளவில் இருப்பதை உறுதிசெய்வது நல்லது. மலை இனங்களுக்கும் இளங்குட்டிகளுக்கும் அதைவிடச் சற்றுக் குறைவாக வைக்கிறேன். விளக்கு கண்ணுக்கு ஒளிர்ந்துகொண்டே இருக்கும், ஆனால் அதிலிருந்து வரும் யூவிபி முன்பே குறைந்துபோயிருக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மாற்றிய தேதியை விளக்கின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

சூட்டுக்குத் தனி விளக்கு தேவை. வெய்ல்டு ஆணுக்கும் பேந்தருக்கும் வெயில் காயும் கிளையில் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், வெய்ல்டு பெண்ணுக்கு 27 அளவு, ஜாக்சனுக்கும் 27ஐத் தாண்டாமல் இருப்பது போதுமானது. கூண்டின் கீழ்ப்பகுதி 22 முதல் 24 டிகிரியில் இருக்கட்டும். விளக்கு கூண்டுக்கு வெளியே, வலையிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். சுட்டால் தானே விலகிவிடும் என்று நம்பாதீர்கள். கூரை வலையைப் பற்றித் தொங்கியபடியே முதுகு வெந்துபோன பச்சோந்திகளுக்கு நான் கட்டுப்போட்டிருக்கிறேன். இரவில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிடுங்கள். சிவப்பு விளக்கு அதன் கண்ணுக்குத் தெரியாது என்பது வெறும் நம்பிக்கை. அது உறக்கத்தைக் கெடுக்கும். வெய்ல்டு, பேந்தர் இரண்டுக்கும் இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே சற்று இறங்குவது நன்மையே, ஜாக்சனுக்கு அதைவிடவும் குளிர்ச்சி வேண்டும். பகல் 12 மணி நேரம், இரவு 12 மணி நேரம் என்பதை மறதிக்கு இடமில்லாமல் நேரக்கருவியிடம் ஒப்படையுங்கள்.

நீரைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் குடிக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பலர். தேங்கி நிற்கும் நீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்வதில்லை. இலை நுனியில் திரண்டு மின்னும் துளியையே அது நக்கிக் குடிக்கும். விடியலில் விளக்கு எரியும் முன்பும், மாலையில் அணைந்த பின்பும் தெளிப்பான் மூலம் இரண்டு மூன்று நிமிடங்கள் இலைகள் நனையும்படி தெளியுங்கள். பகலில் ஒருமுறை, இலை மீது சொட்டுச் சொட்டாக நீர் விழும்படி கால் மணி நேரம் விடலாம். இடைப்பட்ட பகல் பொழுதில் கூண்டு உலர்ந்துவிட வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன்: பகலில் 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம், இரவின் குளிர்ச்சியில் 80க்கு மேல் என்பது இயற்கையின் போக்கு. ஈரமும் வெப்பமும் ஒன்றுசேர்ந்து நாள் முழுதும் நீடித்தால் நுரையீரலில் தொற்று ஏற்படும். நீர் போதுமா என்பதைக் கழிவே சொல்லிவிடும். அதில் உள்ள யூரேட் பகுதி, அதாவது சிறுநீருக்கு ஈடான கெட்டியான கழிவு, வெண்மையாக இருந்தால் நலம், ஆரஞ்சு நிறமாக இருந்தால் நீர் போதவில்லை. தெளிப்பானின் தொட்டியை வாரம் ஒருமுறை கழுவிக் காயவையுங்கள், இல்லாவிட்டால் நீரோடு கிருமிகளையும் சேர்த்தே தெளித்துக்கொண்டிருப்பீர்கள்.

செடிகள் உயிருள்ளவையாக இருக்கட்டும். செம்பருத்தி, ஷெஃப்ளெரா, மணி பிளாண்ட் போன்றவை தாங்கும். வெய்ல்டு பச்சோந்தி இலைகளைத் தின்னும் என்பதால் அரளியும் பால் வடியும் கள்ளி வகைகளும் அருகிலேயே வரக் கூடாது. பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருக்கலாம் என்பதால் புதிய செடியை நன்றாகக் கழுவி, தொட்டி மண்ணையும் மாற்றிவிட்டே உள்ளே வையுங்கள். தரையில் மரத்தூளோ மரச் சில்லுகளோ பரப்ப வேண்டியதில்லை. நாவோடு ஒட்டி வயிற்றுக்குள் போய்க் குடலை அடைத்துக்கொள்ளும். வெறுந்தரையும் அதன்கீழ் நீர் வடியும் தட்டும் போதும். இரவில் சுவர்க்கோழிப் பூச்சிகளைக் கூண்டில் திரியவிடாதீர்கள், அவை உறங்கும் பச்சோந்தியைக் கடித்துப் புண்ணாக்கும்.

பெண் பச்சோந்தி வளர்ப்பவர்களிடம் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. ஆணுடன் சேராவிட்டாலும் வெய்ல்டு, பேந்தர் பெண்கள் முட்டையிடும். இதை அறியாமல், முட்டையிட மண் இல்லாத கூண்டில் முட்டைகளை உள்ளேயே தாங்கிக்கொண்டு சோர்ந்துபோன நிலையில் கொண்டுவரப்பட்டவற்றுள் சிலவற்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை. ஐந்து, ஆறு மாத வயதிலிருந்தே கூண்டின் ஓரத்தில், 30 செ.மீ. ஆழமுள்ள தொட்டியில், தோண்டினால் சரியாமல் நிற்கும் அளவுக்கு ஈரப்படுத்திய மணலும் மண்ணும் கலந்து நிரந்தரமாக வைத்துவிடுங்கள். அது தோண்டத் தொடங்கும் நாளில் கூண்டின் முன்புறத்தைத் துணியால் மறைத்துவிட்டு விலகி இருங்கள். யாரோ பார்ப்பதாக உணர்ந்தால் குழியைக் கைவிட்டுவிடும். வளர்ந்த பெண்ணுக்கு வரம்பில்லாமல் இரை கொடுப்பதும் கூடுதலாகச் சூடேற்றுவதும் முட்டைகளின் எண்ணிக்கையைப் பெருக்கி உடலை உருக்கிவிடும். மேலே பெண்ணுக்குக் குறைந்த வெப்பம் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு கூண்டில் ஒன்றுதான். துணைக்கு இன்னொன்று என்ற நல்லெண்ணம் இவ்விலங்கிடம் செல்லாது. இரண்டு கூண்டுகள் இருந்தாலும் ஒன்றையொன்று பார்க்காதபடி இடையே மறைப்பு வேண்டும்.

விலங்கை வாங்கிய பிறகு கூண்டைச் சரிசெய்யலாம் என்று இருக்காதீர்கள். செடிகளும் விளக்குகளும் தெளிப்பானும் முழுமையாக அமைந்த வெற்றுக் கூண்டை இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். வெயில் காயும் கிளையில் ஒன்றும் கீழே ஒன்றுமாக உணரியுள்ள வெப்பமானிகளையும், நடுவில் ஈரப்பதமானியையும் வைத்துக் காலை, நண்பகல், நள்ளிரவு அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். தெளித்த நீர் எத்தனை மணி நேரத்தில் காய்கிறது, தட்டு நிரம்பி வழிகிறதா, நண்பகலில் கிளையின் வெப்பம் ஏறிக்கொண்டே போகிறதா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். அளவுகள் நிலைத்த பின்னர் பச்சோந்தியைக் கொண்டுவந்து, கதவைத் திறந்து, அதுவே கிளைக்கு ஏறும்படி விட்டு, முதல் ஒரு வாரம் இரையும் நீரும் கொடுப்பதைத் தவிர வேறு எதற்காகவும் கையை உள்ளே நீட்டாதீர்கள்.